12 வோல்ட் பேட்டரிக்கு பூஸ்ட் போர்டு போட்டும் விடியற்காலையில் ஜிபிஎஸ் அணைகிறது: எந்த ரெகுலேட்டர் சரி?

வடகடல்வத்தை (தங்கச்சிமடம்) · ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தவன், இப்போது என் தலையில் வந்து விழுந்ததால் எழுதுகிறேன்.

மச்சானுடைய ஃபைபர் வத்தையில் (சின்ன மீன்பிடிப் படகு) 12 வோல்ட், 26 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி இருக்கிறது. இன்ஜினில் சார்ஜ் வசதி கிடையாது, கரையில் சார்ஜ் போட்டுத் தூக்கிக்கொண்டு போவதுதான். அதில் ஒரு ஜிபிஎஸ், ஒரு எல்இடி லைட். சாயங்காலம் கிளம்பும்போது ஜிபிஎஸ் ஒழுங்காக ஓடுகிறது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு மேல் திரை அணைந்து தானாக எழும், மறுபடி அணையும். வலை வாங்குகிற நேரம் அதுதான். இலங்கை எல்லைக் கோட்டுப் பக்கம் திரை இருண்டு கிடந்தால் என்ன ஆகும் என்று இந்தக் கரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரி இறங்குவதால்தான் என்று நினைத்து எக்ஸ்எல்6009 பூஸ்ட் போர்டு (வோல்டேஜை ஏற்றித் தரும் சின்ன சர்க்யூட்) ஒன்று ஆன்லைனில் வாங்கி, வீட்டில் 12.5 வோல்டில் வைத்து மாட்டினேன். இப்போது நிலைமை முன்பைவிட மோசம். விடியற்காலையில் ஜிபிஎஸ் லோகோ வரைக்கும் வந்து அணைகிறது, போர்டில் கை வைக்க முடியாத சூடு, காயிலில் இருந்து வண்டு மாதிரி ஒரு சத்தம். இன்னொன்று: சார்ஜர் இணைந்திருக்கும்போது அளந்தால் இன்புட் 14.2, அவுட்புட் 13.8. அவுட்புட்டை மாற்றும் அந்தச் சின்ன திருகை இருபது சுற்று சுற்றியும் அசையவில்லை. போர்டு போலியா, நான் போலியா?

ஏர்வாடிசோலார் · ஞாயிறு, இரவு 10:05

பூஸ்ட் எல்லாம் எதற்கு. 7812 (நிலையாக 12 வோல்ட் தரும் ரெகுலேட்டர் சிப்) ஒன்று போடுங்கள், ஹீட் சிங்க் வையுங்கள், வேலை முடிந்தது. இருபது ரூபாய்.

மீட்டர்மாமா (மண்டபம்) · ஞாயிறு, இரவு 10:31

ஏர்வாடித் தம்பி, 7812-க்கு 12 கொடுக்க உள்ளே குறைந்தது 14, 14.5 வேண்டும். இவர் கையில் இருப்பதோ 11.6-ல் நிற்கிற பேட்டரி. கொடுத்ததில் இரண்டு வோல்டை அது விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் தரும். இப்போது அணைகிறது, அப்புறம் எழவே எழாது.

வத்தைக்காரரே, உங்கள் இரண்டாவது கேள்வி கோளாறே இல்லை. பூஸ்ட் போர்டில் இன்புட் பிளஸில் இருந்து காயில், காயிலில் இருந்து டையோடு, டையோடில் இருந்து நேராக அவுட்புட். நடுவில் கதவு கிடையாது. சிப் தூங்கிக்கொண்டிருந்தாலும் பேட்டரி வோல்டேஜ் டையோடில் 0.3, 0.4 மட்டும் இழந்து அந்தப் பக்கம் போய்விடும். 14.2-ல் 0.4 போனால் 13.8. கணக்கு சரியாக இருக்கிறது, பாருங்கள். பூஸ்டுக்கு ஏற்றத் தெரியும், இறக்கத் தெரியாது. திருகை உடைத்தாலும் அது 12.5-க்கு வராது.

இதே காரணத்தால் அவுட்புட்டில் ஷார்ட் ஆனால் சிப்பால் தடுக்க முடியாது. டையோடும் காயிலும் எரியும், அல்லது ஃபியூஸ் போகும். ஃபியூஸ் போட்டிருக்கிறீர்கள் அல்லவா?

முதல் கேள்விக்கு எனக்கு மூன்று நம்பர் வேண்டும். ஜிபிஎஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனையில் எவ்வளவு, போர்டின் இன்புட் முனையில் எவ்வளவு, அவுட்புட்டில் எவ்வளவு. அப்புறம் ஜிபிஎஸ்ஸின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது.

வடகடல்வத்தை · திங்கள், காலை 7:15

மாமா, ஃபியூஸ் உண்டு. பேட்டரியில் 11.9, போர்டு இன்புட்டில் 11.9, அவுட்புட்டில் 12.5. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? ஸ்டிக்கர் உப்பில் வெளுத்துப் போயிருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன்.

மீட்டர்மாமா · திங்கள், காலை 7:40

ஜிபிஎஸ்ஸை ஆன் செய்து அளந்தீர்களா, ஆஃபில் அளந்தீர்களா?

வடகடல்வத்தை · திங்கள், காலை 7:52

ஆஃபில்...

தொண்டிவாடை · திங்கள், காலை 8:10

ஆளே ஏறாத பஸ் மேட்டில் நன்றாகத்தான் ஏறும் 😄

தேவிபட்டினம்_டிப்ளமோ · திங்கள், காலை 9:30

அவுட்புட்டில் 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் சரியாகாதா? லோகோ வரும்போது மட்டும்தானே இழுக்கிறது.

மீட்டர்மாமா · திங்கள், காலை 10:02

கேள்வி நல்ல கேள்விதான், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 4700 மைக்ரோஃபாரடில் இருந்து ஒரு ஆம்ப் இழுத்தால் பத்து மில்லி செகண்டில் 2.1 வோல்ட் இறங்கிவிடும். இவருடைய ஜிபிஎஸ் எழுவதற்குப் பல செகண்டு ஆகிறது. ஓட்டைக் குடத்துக்குப் பக்கத்தில் டம்ளர் வைத்த கதை. கண் சிமிட்டும் நேரத்துச் சரிவுக்குத்தான் கெப்பாசிட்டர், நின்று இழுக்கிற லோடுக்கு இல்லை.

வடகடல்வத்தை · செவ்வாய், இரவு 8:20

இன்று வத்தை போகவில்லை, காற்று. பேட்டரியை வேண்டுமென்றே இறக்கி, படகிலேயே எல்லாவற்றையும் மாட்டி, ஜிபிஎஸ் ஓடும்போது அளந்தேன்.

பேட்டரி முனையில் 11.6. போர்டு இன்புட்டில் 7.6! அவுட்புட்டில் 12.4, கொஞ்ச நேரம்தான், அப்புறம் சரிந்து அணைந்துவிட்டது. கரண்ட், மீட்டரைத் தொடரில் போட்டுப் பார்த்ததில் பேட்டரிப் பக்கம் 1.55 ஆம்ப். நடுவில் நான்கு வோல்ட் எங்கே போனது?

வயர் ஸ்பீக்கர் வயர், 0.5 ஸ்கொயர் எம்எம். பேட்டரியில் இருந்து ஜிபிஎஸ் பெட்டி வரை ஐந்து மீட்டர்.

கீழக்கரைகாக்கா · செவ்வாய், இரவு 9:05

தம்பி, கப்பலில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். வயரை மட்டும் குறை சொல்லாதீர்கள். அந்த 0.5 வயர் மீட்டருக்குச் சுமார் 0.037 ஓம். போக ஐந்து, வர ஐந்து, பத்து மீட்டருக்கு 0.37. அதில் 1.55 ஆம்ப் போனால் 0.6 வோல்டுக்குக் கொஞ்சம் குறைவு. இன்னும் 3.4 வோல்ட் வேறு எங்கோ போகிறது.

மீட்டரை டிசி வோல்டிலேயே வையுங்கள். ஜிபிஎஸ் ஓடட்டும். கறுப்பு முனையைப் பேட்டரி பிளஸில் ஊன்றிவிட்டு, சிவப்பை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போங்கள். மைனஸ் குறி வந்தால் பயப்பட வேண்டாம், எண்ணைப் பாருங்கள். எங்கே குதிக்கிறதோ அங்கேதான் திருடன். பிளஸ் பக்கம் முடிந்ததும் மைனஸ் பக்கத்துக்கும் இதேதான். ஓம் ரேஞ்சில் வைத்து இணைப்பை அளக்காதீர்கள், மீட்டர் அனுப்புகிற துளி கரண்டுக்குக் களிம்பு பிடித்த இணைப்பும் நல்ல பிள்ளையாக நடிக்கும்.

நான்கு வோல்ட், ஒன்றரை ஆம்ப் என்றால் ஆறு வாட் சூடு எங்கோ வெளியே வந்துகொண்டிருக்கிறது. கையால் தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

மீட்டர்மாமா · செவ்வாய், இரவு 9:30

காக்கா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பூஸ்ட் போட்ட பிறகு ஏன் இன்னும் மோசமானது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், பல பேர் இதில்தான் மாட்டுகிறார்கள்.

பழைய குண்டு பல்பு வோல்டேஜ் இறங்கினால் மங்கும், கரண்டையும் குறைத்துக்கொள்ளும். பூஸ்ட் அப்படி இல்லை. அவுட்புட்டில் 10 வாட் கொடுத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம். உள்ளே வோல்டேஜ் இறங்கினால் கரண்டை அதிகமாக இழுக்கும். அதிகமாக இழுத்தால் கெட்ட இணைப்பில் இன்னும் அதிகம் விழும். விழுந்தால் இன்னும் இழுக்கும். இவருடைய வயரும் இணைப்புகளும் சேர்ந்த 2.6 ஓமில் (நான்கு வோல்டை 1.55 ஆம்பால் வகுத்தது) 11.6 வோல்டை வைத்துக் கணக்குப் போட்டால், அந்த வயர் வழியாக எப்படி மல்லுக்கட்டினாலும் அதிகபட்சம் 13 வாட்தான் வரும். போர்டின் இழப்பையும் சேர்த்து இவருக்குத் தேவை கிட்டத்தட்ட 12. விளிம்பில் நிற்கிறார். லோகோ வரும்போது ஒரு வாட் கூடினால் அதோடு சரி.

சாயங்காலம் ஏன் ஓடியது என்பதும் இதிலேயே இருக்கிறது. பூஸ்ட் இல்லாமல், பேட்டரி 12.7-ல் இருந்தபோது ஜிபிஎஸ் முனைக்கு 10 வோல்ட் போல வந்திருக்கும். 11.6 ஆனதும் எட்டரைதான்.

ஏர்வாடிசோலார் · செவ்வாய், இரவு 10:15

சரி, 7812 விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் அந்தப் போர்டின் மேலும் எனக்குச் சந்தேகம். இதே மாதிரி நான் வாங்கிய ஒன்றை அலைக்காட்டியில் போட்டுப் பார்த்தேன். எக்ஸ்எல்6009 என்றால் 400 கிலோஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு நான்கு லட்சம் தடவை, ஸ்விட்ச் ஆக வேண்டும். எனக்கு வந்தது 52. அதாவது பழைய எல்எம்2577 வகையின் மேல் பெயரை மாற்றி அச்சடித்திருக்கிறார்கள்.

மீட்டர்மாமா · செவ்வாய், இரவு 10:48

அது நடக்கிற விஷயம்தான். 52-ல் ஓடினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்களுக்கு: அந்தப் போர்டின் காயிலில் 330 என்று எழுதியிருக்கும், 330 என்று படிக்காதீர்கள், 33 மைக்ரோஹென்றி. எட்டு வோல்ட் இன்புட், 12.5 அவுட்புட் என்றால், 400 கிலோஹெர்ட்ஸில் காயில் கரண்ட் 0.23 ஆம்ப் மட்டும் ஏறி இறங்கும். 52-ல் அதுவே 1.8 ஆம்ப் போல ஆடும். சராசரி ஒன்றரை ஆம்ப் என்றாலும் உச்சி 2.4 வரை போகும். சின்ன ஃபெரைட் காயிலின் காந்தம் அங்கே நிறைந்துவிட்டால் அப்புறம் அது காயில் இல்லை, வெறும் கம்பி. சூடு அங்கேயிருந்தும் வரும்.

வண்டுச் சத்தம் மட்டும் வேறு. 52 கிலோஹெர்ட்ஸ் காதுக்குக் கேட்காது. கேட்கிறது என்றால் சிப் கரண்ட் எல்லையில் முட்டி, விட்டு விட்டு ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வடகடல்வத்தை · புதன், மாலை 6:35

திருடன் அகப்பட்டான்.

காக்கா சொன்னபடி நகர்த்திக்கொண்டே போனேன். ஃபியூஸ் ஹோல்டரைத் தாண்டியதும் 2.9 வோல்ட். வயர் முழுக்க 0.6. மைனஸ் பக்கத்து முதலைக் கிளிப்பில் 0.5. கூட்டினால் சரியாக நான்கு.

ஹோல்டர் அந்தத் திருகு மூடி போட்ட கண்ணாடி ஃபியூஸ் வகை. தொட்டால் சுட்டது. மூடியைத் திறந்ததும் உள்ளே இருந்த ஸ்பிரிங் பாசி படிந்த கல் மாதிரி பச்சை, அதன் மேல் உப்புப் பொடி. ஃபியூஸின் ஒரு தொப்பி கறுத்துப்போய், பிளாஸ்டிக் ஒரு பக்கம் இளகிச் சாய்ந்திருந்தது. ஃபியூஸ் மட்டும் புத்தம் புதிது மாதிரி. வயரை ஒரு விரல் நீளம் சீவிப் பார்த்தேன், உள்ளேயும் கறுப்பு. இரண்டு விரல் சீவினேன், அங்கேயும் கறுப்பு.

இன்னொன்று, மாமா. ஸ்டிக்கரைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். "10 முதல் 30 வோல்ட் டிசி" என்று இருக்கிறது.

தொண்டிவாடை · புதன், மாலை 6:50

அப்போ பூஸ்டே தேவையில்லையா!

மீட்டர்மாமா · புதன், இரவு 7:20

தேவையே இல்லை. அந்த ஜிபிஎஸ்ஸுக்குள்ளேயே ஒரு ரெகுலேட்டர் உட்கார்ந்திருக்கிறது. வெளியே இன்னொன்றை வைத்தால் இழப்பு இரண்டு மடங்கு, கெட்டுப்போக இடமும் இரண்டு மடங்கு.

பேட்டரியிலும் ஒரு வார்த்தை. லெட் ஆசிட் ஓய்வில் 12.7 என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி, 11.9-க்கு வந்தால் ஏறக்குறைய காலி. தினம் அடிமட்டம் வரை உறிஞ்சினால் பேட்டரி ஒரு வருடத்தைக்கூடத் தாண்டாது. பூஸ்ட் இருந்தால் அடிமட்டம் தெரியாமலே உறிஞ்சுவீர்கள்.

அந்தத் திருகைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் போர்டை வேறு எதற்காவது எடுத்துப் போடுவீர்கள். பெரும்பாலான போர்டில் அது அவுட்புட்டுக்கும் ஃபீட்பேக் காலுக்கும் (அவுட்புட் எவ்வளவு என்று சிப் பார்க்கும் முனை) நடுவில் இருக்கிறது. உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் தொடுமுனை விட்டுப்போனால், சிப்புக்கு "அவுட்புட் சைபர்" என்று தெரியும். அது முழு மூச்சாக ஏற்றும். முப்பது வோல்டைத் தாண்டினால் பின்னால் இருப்பது எதுவும் தப்பாது. கடலுக்குப் போகிற போர்டில் திருகைக் கழற்றிவிட்டு நிலையான ரெசிஸ்டர் போடுங்கள். ஃபீட்பேக் 1.25 வோல்ட், ஆகவே கீழே 1 கே, மேலே 9.1 கே என்றால் 12.6 வரும்.

தேவிபட்டினம்_டிப்ளமோ · புதன், இரவு 8:05

மாமா, இழையைத் திருப்பியதற்கு மன்னியுங்கள், எனக்கும் பக்கத்துக் கேள்விதான். வீட்டில் சோலார் பேட்டரி 11-க்கும் 14.4-க்கும் நடுவில் ஆடுகிறது. வைஃபை ரூட்டர் அடாப்டரில் 12 வோல்ட் 1 ஆம்ப் என்று மட்டும் போட்டிருக்கிறது, "முதல் வரை" எதுவும் இல்லை. பூஸ்டும் ஆகாது, பக்கும் (வோல்டேஜை இறக்கும் வகை) ஆகாது. எதைத்தான் வாங்குவது?

மீட்டர்மாமா · புதன், இரவு 9:10

இந்தக் கேள்விக்குத்தான் உண்மையிலேயே ரெகுலேட்டர் தேர்வு வேண்டும்.

முதலில் பேட்டரியின் அடியையும் உச்சியையும் எழுதுங்கள். உங்களுக்குத் தேவையான வோல்டேஜ் எப்போதும் அடிக்குக் கீழேயே இருந்தால் பக். போனுக்கு 5 வோல்ட் எடுப்பது அந்த வகை, எல்எம்2596 போதும். அங்கே 7812-இன் 5 வோல்ட் தம்பியான 7805 போட்டால் ஒரு ஆம்புக்கு ஏழு வாட் சும்மா சூடாகப் போகும். தேவை எப்போதும் உச்சிக்கு மேலேயே இருந்தால் பூஸ்ட். பேட்டரியில் இருந்து 19 வோல்ட் லேப்டாப்புக்கு ஏற்றுவது மாதிரி. தேவை நடுவில் மாட்டிக்கொண்டால், உங்களுடையது மாதிரி, ஏற்றவும் இறக்கவும் தெரிந்தது வேண்டும். செபிக், அல்லது நான்கு ஸ்விட்ச் பக்-பூஸ்ட்.

செபிக்கில் இரண்டு காயில், நடுவில் ஒரு கெப்பாசிட்டர். அந்தக் கெப்பாசிட்டர் டிசியைத் தடுப்பதால் பேட்டரி நேராக அவுட்புட்டுக்கு நுழைய முடியாது. கடையில் "ஸ்டெப் அப் டவுன்" என்று கேளுங்கள். அதிலும் எக்ஸ்எல்6009 சிப்பே இருக்கும், குழம்ப வேண்டாம். சிப் ஒன்றுதான், சுற்றி இருக்கும் சர்க்யூட் வேறு. போர்டில் இரண்டு காயில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

செபிக்கில் ஸ்விட்சின் மேல் இன்புட் கரண்டும் அவுட்புட் கரண்டும் சேர்ந்து ஏறும். 11 வோல்டில் இருந்து 12 வாட் எடுத்தால் உள்ளே 1.4 போல, வெளியே 1, மொத்தம் 2.4. "4 ஆம்ப்" என்ற விளம்பரத்தை நம்பி முழு லோடு ஏற்றாதீர்கள். அடாப்டரில் 1 ஆம்ப் என்று இருந்தாலும் ரூட்டர் பெரும்பாலும் அதில் பாதிதான் எடுக்கும். அளந்து பாருங்கள்.

கீழக்கரைகாக்கா · புதன், இரவு 9:40

ரூட்டரை முதலில் திறந்து பாருங்கள் தம்பி. உள்ளேயே பக் சிப் இருந்தால், அதன் எண்ணையும் இன்புட் கெப்பாசிட்டரின் வோல்டேஜையும் படியுங்கள். கெப்பாசிட்டரில் 16 வோல்ட் என்று இருந்தால் 14.4-ஐ நேராகக் கொடுக்க எனக்குத் தைரியம் வராது. 25 என்று இருந்து, சிப்பும் தாங்கும் என்றால் யோசிக்கலாம்.

பாசிக்கரை (மண்டபம்) · வியாழன், காலை 6:20

எனக்கும் ஒரு சின்ன சந்தேகம். பாசி கட்டும் இடத்தில் அதிகாலையில் வெளிச்சத்துக்காக ஒரே ஒரு 18650 லித்தியம் செல், எம்டி3608 பூஸ்ட் போர்டு, 6 வாட் 12 வோல்ட் எல்இடி பட்டை. ஒரு மணி நேரம்தான் எரிகிறது, போர்டு கொதிக்கிறது. புதிதாக வாங்கிய இன்னொரு போர்டில் திருகைச் சுற்றினால் வோல்டேஜே மாறவில்லை.

மீட்டர்மாமா · வியாழன், காலை 6:55

திருகை இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருங்கள் அக்கா. முதல் பத்துப் பதினைந்து சுற்றுக்கு ஒன்றும் நடக்காது, அப்புறம் இறங்கும்.

மற்றது கோளாறு இல்லை, கணக்கு. 3.3 வோல்டில் இருந்து 6 வாட் எடுக்க இரண்டு ஆம்புக்கு மேல் வேண்டும், அந்தத் துளியூண்டு சிப்புக்கு அது அதிகம். நல்ல செல்லிலேயே 9 வாட்-ஹவர்தான் இருக்கிறது. மூன்று வோல்ட் எல்இடியை 12-க்காகத் தொடரில் கட்டி, அதற்காக ஒரு பூஸ்ட் வைப்பதைவிட, செல்லில் இருந்தே ஓடுகிற ஒற்றை எல்இடி கரண்ட் டிரைவர் வாங்குங்கள். பூஸ்டும் வேண்டாம், சூடும் வேண்டாம்.

கீழக்கரைகாக்கா · வியாழன், காலை 8:30

வத்தைத் தம்பி, புதிதாக வயர் இழுக்கும்போது: 2.5 ஸ்கொயர் எம்எம், முடிந்தால் வெள்ளீயம் பூசிய செம்பு. சாதாரணச் செம்பு என்றால் இன்சுலேஷனுக்குள்ளேயே களிம்பு நடந்துபோகும், இரண்டு விரலுக்கும் கறுப்பு பார்த்தீர்களே, அதுதான். பிளேடு ஃபியூஸ், ரப்பர் மூடி போட்ட ஹோல்டர், பேட்டரி பிளஸில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள். கிளிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு வளைய முனை வைத்து போல்ட் போடுங்கள், மேலே வாசலின்.

சிலிக்கான் பசை பூசும் பழக்கம் இருந்தால் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் வாசனை அடித்தால் கண்ணாடித் தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சர்க்யூட்டுக்கு வேண்டாம். காயும்போது அதில் இருந்து வருகிற அமிலமே செம்பைத் தின்னும்.

வடகடல்வத்தை · ஞாயிறு, காலை 10:15

நேற்றிரவு போய்விட்டு இப்போதுதான் வந்தோம். காக்கா சொன்னபடி எல்லாம் மாற்றினேன், வயரும் ஃபியூஸும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. பூஸ்ட் போர்டைக் கழற்றிவிட்டேன்.

விடியற்காலை நாலே காலுக்கு, லைட்டும் எரிந்துகொண்டிருக்கும்போது, மச்சான் டார்ச் பிடிக்க நான் அளந்தேன். பேட்டரியில் 11.8. ஜிபிஎஸ் முனையில் 11.7. இரவு முழுக்க ஒரு தடவைகூட அணையவில்லை. இன்னொரு விஷயம், கையில் வைத்திருக்கும் விஎச்எஃப் ரேடியோவில் சானல் 16-ல் எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும், பக்கத்துப் படகுக்காரர்களிடம் எல்லாம் கேட்டுப் பார்த்திருக்கிறோம். அதுவும் போய்விட்டது. இத்தனை நாள் அந்தப் போர்டுதான் கத்திக்கொண்டிருந்திருக்கிறது போல.

மீட்டர்மாமா · ஞாயிறு, காலை 11:02

அதேதான். ஐந்து மீட்டர் வயர் அதற்கு ஏரியல் ஆகியிருக்கும். 11.8 கொஞ்சம் தாழ்வு, பேட்டரிக்கு வயது என்ன?

வடகடல்வத்தை · ஞாயிறு, காலை 11:20

மூன்று வருடம், மாமா. மச்சான் இப்போதுதான் தூங்கப் போனான், எழுந்த பிறகு பேட்டரி பேச்சை எடுக்கிறேன்.

தொண்டிவாடை · ஞாயிறு, காலை 11:31

கழற்றின போர்டு சும்மா கிடந்தால் எனக்குக் கொடுங்கள், லேப்டாப்புக்கு ஏற்றிப் பார்க்கிறேன். திருகைக் கழற்றிவிட்டுத்தான்.